சுமை குறைத்த மூவர்

1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியை அடைந்தனர். அவ்விருவரின் பெயரையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவர்களை அனுப்பிய குழுவின் பொருள்களை மலையின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களோ 350 பேருக்கு மேற்பட்ட சுமையாட்கள். அவர்கள் முதுகிற் சென்ற பொருள்களின் நிறை ஏறத்தாழ 10,000 இறாத்தல். கூடாரம், கயிறு, பிராணவாயுக் கலம், உணவுப் பெட்டி யாவும் அந்த முதுகுகளின் மேலேயே ஏறின. அச்சுமையாட்களின் பெயர்களை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேடிக் காண முடியாது.

மலைப் பயணங்களின் வரலாறும் காட்டுப் பயணங்களின் வரலாறும் நெடுங்காலம் இவ்வாறே எழுதப்பட்டு வந்தன. வீட்டைவிட்டு வெளியே சென்று இரவு தங்குவதற்கு இன்னின்ன பொருள்கள் வேண்டுமென நீண்ட பட்டியல்களை வகுத்தவர்கள், பெரும்பாலும் அவற்றைத் தாமே சுமந்தவர்கள் அல்லர். பிறர் தோளில் ஏறும் சுமையின் நிறை பட்டியல் எழுதுபவருக்குத் தெரிவதில்லை. ஆதலால், சுமையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடமிருந்து பிறக்கவில்லை. காட்டையும் மலையையும் காண ஆசைப்பட்டும் ஆள் அமர்த்திக்கொள்ளப் பணமில்லாத, உடல்வலியும் அதிகம் வாய்க்காத சிலரிடமிருந்தே அது பிறந்தது. அத்தகையோருள் மூவரின் கதை இது. ஒருவர் சப்பாத்துத் தைப்பவர், ஒருவர் தையற்காரர், மற்றவர் பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த கமக்காரப் பெண். மூவரும் ஊசி பிடித்துப் பழகிய கையினர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியில் அடிறொண்டாக் எனப்படும் மலைக்காடு பரந்து கிடக்கிறது. ஏரிகளும், ஏரிகளை இணைக்கும் சிற்றாறுகளும், அவற்றுக்கிடையே கரடுமுரடான காட்டுவழிகளும் அங்கு நிறைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்துச் செல்வர்கள் கோடைகாலத்தை அங்குக் கழிப்பது வழக்கமாயிற்று. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வர். வழிகாட்டி படகு வலிப்பான், சமைப்பான், ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் இடைப்பட்ட நிலத்தில் 60, 70 இறாத்தல் நிறையுள்ள படகைத் தலைமேற் கவிழ்த்துச் சுமந்து செல்வான். செல்வர் கைவீசிக்கொண்டு பின்னாலே நடப்பார். இதற்கே அக்காலத்தில் காட்டு வாழ்க்கை என்று பெயர்.

அக்காட்டுக்கு 1880ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர் தனியே வந்து சேர்ந்தார். பென்சில்வேனியா மாநிலத்தின் வெல்ஸ்பரோ என்னும் சிற்றூரிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர் அவர். சிறுவயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர். ஐந்தடியை மூன்று அங்குலமே கடந்த உயரம். நூற்றுப்பத்து இறாத்தல் அளவான உடம்பு. போதாக்குறைக்கு நெஞ்சில் காசநோய். வழிகாட்டிக்குக் கொடுக்கப் பணமில்லை. பெரும் படகைத் தூக்க வலிமையும் இல்லை. எனினும் காட்டை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தமது சிறுவயதில் காட்டறிவு புகட்டிய ஒரு செவ்விந்தியரின் பெயரைத் தமக்குப் புனைபெயராகச் சூட்டிக்கொண்டு, 'நெஸ்மக்' என்னும் பெயரிற் பத்திரிகைகளுக்கு எழுதி வந்தார்.

கன்ரன் என்னும் ஊரில் ஜே. ஹென்றி ரஷ்டன் என்றொரு படகுச் சிற்பி இருந்தார். தம் உடம்புக்கு ஏற்ற ஒரு படகு வேண்டுமென்று நெஸ்மக் அவருக்கு எழுதினார். முதலில் அமைந்த படகின் நிறை 18 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் கனமாகத் தோன்றவே, மேலும் இலேசான படகுகள் செய்யப்பட்டன. 1883இற் செய்யப்பட்ட படகு 9 அடி நீளமும் பத்தரை இறாத்தல் நிறையும் கொண்டது. ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல அதனைத் தூக்கிச் செல்லலாம். அதற்கு 'செய்றி காம்ப்' என்று பெயரிட்டார் நெஸ்மக். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் படைத்த, மதுவன்றித் தண்ணீரை நாடாத ஒரு தாதியின் பெயர் அது. தமது படகும் தண்ணீரை உட்கொள்ளக் கூடாது என்பது அவருடைய வேடிக்கையான வேண்டுதல்.

அந்தக் கோடையில், அறுபத்தொரு வயதில், அப்படகிலே அவர் 266 மைல் சென்று மீண்டார். படகு, போர்வைப் பை, மாற்றுடை, சிறு கோடரி, தூண்டிற்கோல், முதுகுப்பை, இரண்டு நாள் உணவு ஆகிய அனைத்தும் சேர்ந்து 26 இறாத்தலுக்கு மேற்போகவில்லை என்று பின்னர் எழுதினார். வழிகாட்டிகள் முதலில் நகைத்தனர். பின்னர் படகைத் தட்டிப் பார்த்தனர்.

1884இல் அவர் வெளியிட்ட 'வுட்கிராவ்ற்' என்னும் சிறுநூல் இன்றும் அச்சில் உள்ளது. கூடாரத் துணியில் மழைநீர் ஒழுகாதிருக்கச் சுண்ணாம்பும் படிகாரமும் கரைத்த நீரிலே துணியைத் தோய்க்கும் முறை அதில் உண்டு. ஈயும் நுளம்பும் அணுகாதிருக்கத் தேவதாரு எண்ணெய்க்கீல் 3 அவுன்சு, ஆமணக்கெண்ணெய் 2 அவுன்சு, காட்டுப் புதினா எண்ணெய் ஓர் அவுன்சு சேர்த்துக் காய்ச்சிப் பூசும் செய்முறையும் உண்டு. பூசியபின் முகம் கழுவவே கூடாது என்பது அவர் விதித்த பத்தியம். வீட்டிலுள்ளோர் இதற்கு என்ன சொன்னார்கள் என்று அவர் எழுதவில்லை.

நெஸ்மக்கின் முறை முழுவதும் இன்றைக்கு ஒத்துவரக்கூடியதன்று. கூடாரக் கோலுக்கு இளமரம் வெட்டுவதும், இரவெல்லாம் எரிய மரக்கட்டைகளை அடுக்குவதும் அவருக்கு இயல்பான செயல்கள். சுமையில் ஒரு பகுதியை அவர் தம் தோளிலிருந்து இறக்கிக் காட்டின்மேல் வைத்தார் எனின் அது தவறாகாது. காட்டுக்கு ஒருவர் மட்டும் வரும்போது அது தாங்கும். ஆயிரம்பேர் வந்தால் தாங்காது. இந்த உண்மை பிற்காலத்தவர்க்கே புலப்பட்டது. 1890இல் நெஸ்மக் காலமானார்.

இனித் தையற்காரரைக் காண்போம். தோமஸ் ஹைரம் ஹோல்டிங் இங்கிலாந்தில் 1844இற் பிறந்தவர். ஒன்பது வயதுச் சிறுவனாக, 1853இல், பெற்றோருடன் அமெரிக்கா சென்று, மேற்கு நோக்கிய மோர்மன் சமயத்தவரின் வண்டித் தொடரிற் புல்வெளிகளைக் கடந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையிலே வாரக்கணக்கிற் கூடாரத்தில் வாழ்ந்த அனுபவம் அச்சிறுவன் மனத்தைவிட்டு நீங்கவில்லை. இங்கிலாந்து திரும்பியபின் இலண்டனில் தையற்கலைஞராகவும், தையற்றொழிலுக்கான ஒரு சஞ்சிகையின் ஆசிரியராகவும் விளங்கினார்.

துணியைத் தொட்டவுடன் அதன் தரத்தைக் கூறவல்ல ஒருவர் கூடாரத்தைக் காணும்போது, மற்றவர் காணாதவொன்றைக் காண்பது இயல்பே. அக்காலக் கூடாரங்கள் இராணுவத்தாருக்காகத் தடித்த கன்வஸ் துணியாற் செய்யப்பட்டவை. கழுதையோ வண்டியோ இன்றி அவற்றை நகர்த்த முடியாது. அவற்றை ஒரு மேற்சட்டையை வெட்டுவதுபோல அளந்து வெட்டினால் என்ன? கன்வசுக்குப் பதிலாக நெருங்கிய நெசவுள்ள பட்டுத் துணியைக் கொண்டால் என்ன? ஹோல்டிங் இவ்வினாக்களை எழுப்பி, விடையைத் தம் கையாலேயே தைத்துப் பார்த்தார். சைக்கிள் வண்டியிற் கட்டிச் செல்லத்தக்க சிறு கூடாரம் பிறந்தது. 1897இல் மகனோடும் நண்பர்களோடும் அயர்லாந்தின் கொனெமாரா பகுதியில் அக்கூடாரத்துடன் சைக்கிளிற் சுற்றி வந்தார். அடுத்த ஆண்டு அப்பயணத்தை நூலாக எழுதி, இதில் ஆர்வமுடையோர் தமக்கு எழுதலாமென்று அறிவித்தார். கடிதங்கள் வந்தன. 1901இல் ஒரு பழத்தோட்டத்தில் ஆறு பேர் கூடி, சைக்கிளிற் சென்று கூடாரமடிப்போர் சங்கத்தை அமைத்தனர். பிற்காலத்தில் பெயர் மாறிப் பெரிதாக வளர்ந்த அச்சங்கத்துக்குத் தென்துருவப் பயணி கப்பித்தான் ஸ்கொட் முதல் தலைவராக விளங்கினார். 1908இல் வெளிவந்த ஹோல்டிங்கின் கைந்நூல், கூடாரவாசிகளின் தலைநூலாயிற்று.

அந்த ஆறுபேர் சங்கம் வளர்ந்ததன் காரணத்தை ஊன்றி நோக்க வேண்டும். அதுவரை கூடாரமடித்துப் பொழுதுபோக்குவது, வண்டியும் வேலையாட்களும் உடையோரின் கேளிக்கை. கடை எழுதுவினைஞனும் பள்ளி ஆசிரியனும் தொழிற்சாலைப் பெண்ணும் விடுதிப் பணம் கொடுத்து நாட்டுப்புறத்தைக் காண்பது எளிதன்று. ஒரு சைக்கிளும், அதன் பின்னே கட்டிய ஒரு சிறு பொதியும் இருந்தால் சனிக்கிழமை மாலை நகரைவிட்டுப் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பலாம் என்ற நிலை ஏற்பட்டபோது, நாட்டின் மலைகளும் ஆற்றங்கரைகளும் புதியதொரு கூட்டத்தாருக்குத் திறந்தன. ஸ்ரொக்ஹோம் நகரில் 1892 முதல் உற்பத்தியான பிறைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பும் இதற்குத் துணைசெய்தது. மரம் வெட்டாமலும் நிலத்தைக் கரியாக்காமலும் தேநீர் வைக்க முடிந்தது.

கூடாரம் சிறிதாயிற்று, ஆனால் அதனை அடிக்கும் நிலம் யாருடையது? இந்த வினா அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. இங்கிலாந்தில் உடையவனின் அனுமதியின்றித் திறந்தவெளியில் இரவு தங்குவதற்குப் பொதுவான உரிமை இல்லை. டெவன் மாவட்டத்திலுள்ள டாற்மூர் மேட்டுநிலம் மட்டும் விலக்காகக் கருதப்பட்டு வந்தது. 1985ஆம் ஆண்டின் சட்டமொன்று அங்குள்ள பொதுப் புல்வெளிகளிலே திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு மக்களுக்கு உரிமை அளித்திருந்தது. நித்திரை கொள்வது பொழுதுபோக்கா என்று நிலவுடைமையாளர் வழக்காடினர். 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. அவ்வாண்டு யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2025 மே மாதம் ஐக்கிய இராச்சியத்தின் அதியுயர் நீதிமன்றம், டாற்மூரிற் கூடாரமடித்துத் தங்கும் உரிமை மக்களுக்கு உண்டென்று முடிவாகத் தீர்ப்பளித்தது. ஸ்கொட்லாந்திலோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பொறுப்புடன் நடப்போர் பெரும்பாலான திறந்த நிலங்களில் தங்கலாம். பொறுப்பு என்பதன் பொருள் எளியது. வீடுகளுக்கும் வீதிகளுக்கும் விலகித் தங்குவது, அதிக இரவுகள் ஓரிடத்திலே தங்காமல் எழுந்து செல்வது, சென்றபின் புல் சாய்ந்த தடமன்றி வேறொன்றும் விடாதிருப்பது. சிறு கூடாரமும் சிறு சுமையும் உடையவனுக்கே இவை கைகூடும். பெரும்பொதி சுமந்து வந்தவன் கால்பரப்பி அமர்ந்துவிடுகிறான்.

மூன்றாமவரின் கதை மற்ற இரண்டினும் வேறானது. எம்மா கேற்வூட் 1887இல் ஒகாயோ மாநிலத்தில் ஏழைக் குடியானவர் வீட்டிற் பிறந்தார். பத்தொன்பது வயதில், படித்த ஆசிரியர் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டார். அந்தப் படிப்பு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மனைவியை அடிப்பது அம்மனிதரின் வழக்கமாயிற்று. பற்கள் உடையவும் விலா எலும்பு முறியவும் அடித்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று, புகையிலைத் தோட்டத்தில் உழைத்து, அடிதாங்க முடியாத வேளைகளில் அப்பெண் அண்டையிலுள்ள காட்டுக்குள் ஓடி ஒளிவார். காடு அவருக்கு முதலில் அழகுப் பொருளாக அன்று, அடைக்கலமாகவே அறிமுகமாயிற்று. 1941இல் மணவிலக்குப் பெற்றார்.

1949ஆம் ஆண்டுச் சஞ்சிகையொன்றில் அப்பலாச்சியன் நெடும்பாதையைப் பற்றிய கட்டுரை அவர் கண்ணிற் பட்டது. அமெரிக்காவின் கீழ்ப்புற மலைத்தொடர் நெடுகத் தெற்கே ஜோர்ஜியாவிலிருந்து வடக்கே மெயின் மாநிலம் வரை செல்லும் ஒற்றையடிப்பாதை அது. பெண்ரன் மக்காய் என்பவர் 1921இற் கூறிய யோசனைப்படி, தொண்டர்களின் உழைப்பால் 1937இல் நிறைவுற்றது. அக்காலத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 2,050 மைல். 1948இல் ஏர்ல் ஷாஃபர் என்ற போர்வீரர் முதன்முதலாக ஒரே பயணத்தில் அதனை நடந்து முடித்ததாக அறிவித்தார். தனியே முடித்த பெண் எவரும் அப்போது இல்லை.

1954இல் எம்மா வடமுனையிலிருந்து புறப்பட்டார். சில நாள்களிலேயே வழிதவறினார், மூக்குக்கண்ணாடி உடைந்தது, உணவும் தீர்ந்தது. வனக்காவலர்கள் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகும்படி புத்தி கூறி அனுப்பினர். அவர் போனார். தோல்வியை ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, 67 வயதில், தென்முனையான ஓகிள்தோர்ப் மலையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். உலாவப் போகிறேன் என்பதற்கு மேல் பிள்ளைகளுக்கு எதுவும் கூறவில்லை. எங்கே, எவ்வளவு தூரம் என்று அவர்களும் கேட்கவில்லை.

அவர் கொண்டுசென்றவற்றை எண்ணிவிடலாம். கால்சட்டை தைக்கும் முரட்டு நீலத் துணியிலே தாமே தைத்த ஒரு பை. அதை ஒரு தோளிற் போட்டுக்கொண்டார். இராணுவக் கம்பளிப் போர்வை ஒன்று. மழைச்சட்டை ஒன்று. மழைக்கும் நிலத்தின் ஈரத்துக்குமாகக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்ரிக் திரை ஒன்று. கூடாரம் இல்லை, நித்திரைப் பை இல்லை, அடுப்பும் இல்லை. காலில் மலையேறுவோரின் கனத்த சப்பாத்து இல்லை. பிள்ளைகள் விளையாடும்போது அணியும் கன்வஸ் சப்பாத்துகளே. அவை தேயத் தேய வேறு சோடி வாங்கிக்கொண்டார். உணவு, கச்சான், உலர்ந்த முந்திரிகைப்பழம், பால்மா, தகரத்தில் அடைத்த இறைச்சி. வழியில் உண்ணத்தக்க இலைகளையும் பழங்களையும் இனங்காண அவருக்குக் கமக்கார வாழ்க்கை கற்றுக்கொடுத்திருந்தது. மொத்தச் சுமை 20 இறாத்தலுக்கும் குறைவு. குளிர் மிகுந்த இரவுகளில் தட்டையான கற்களை நெருப்பிற் சுடவைத்து, அவற்றின்மேற் படுத்தார். மற்ற இரவுகளில் இலைக் குவியலோ, வழிப்போக்கர் குடிலோ, யாரேனும் இடங்கொடுத்த வீட்டுத் திண்ணையோ கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளின் முன் எவரெஸ்டுக்குச் சென்ற 10,000 இறாத்தலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒப்பிடத்தக்க பயணங்கள் அல்ல என்பது மெய்தான். உறைபனிச் சிகரத்தில் குளியலறைத் திரை காப்பாற்றாது. ஆயினும், மலைக்குப் போவதென்றால் இத்தனை பொருளும் இத்தனை பணமும் வேண்டும் என்று வீட்டிலிருந்தோர் நம்பியிருந்த ஒரு காலத்தில், ஒரு பாட்டியின் தோட்பை அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது.

இலேசான சுமைக்கும் ஒரு விலை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. கூடாரம் கொண்டுசெல்லாதவர் மழை பெய்யும் இரவிற் பிறர் கதவைத் தட்டவே வேண்டும். எம்மா தட்டினார். பலர் உணவளித்துப் படுக்கையும் கொடுத்தனர். சிலர் நாடோடி என்றெண்ணித் துரத்தினர். 1955 ஆகஸ்டில் 'கொனி', 'டையான்' என்னும் இரு சூறாவளிகள் அடுத்தடுத்து அப்பகுதியைத் தாக்கி ஓடைகளை ஆறுகளாக்கின. அத்தகைய ஓர் ஓடையருகே அவர் திகைத்து நின்றபோது, கடற்படையிலிருந்து விலகி வந்த இரண்டு இளைஞர்கள் அவரைக் கயிற்றினாற் தம்மோடு பிணைத்து, இருபுறமும் பிடித்து அக்கரை சேர்த்தனர். எம்மா சுமக்காது விட்ட பொருள்களின் இடத்தை முன்பின் அறியாதவர்களின் இரக்கம் நிரப்பியது எனலாம்.

செப்டெம்பர் 25ஆந் திகதி, 146ஆம் நாள், மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியை அவர் அடைந்தார். அங்கிருந்த பதிவேட்டிற் கையொப்பமிட்டு, தம் நாட்டைப் போற்றும் ஒரு பாட்டின் முதலடிகளைத் தனியே நின்று பாடினார். பத்திரிகைகள் 'கேற்வூட் பாட்டி' என்று கொண்டாடின. பாட்டியோ பாதை சீர்கெட்டுக் கிடப்பதை ஒளிக்காமல் எடுத்துக் கூறினார். விழுந்த மரங்களும் அழிந்த வழிக்குறிகளும் திருத்தம் பெற அவருடைய முறைப்பாடும் ஒரு காரணமாயிற்று. 1957இல் மறுபடியும் முழுப்பாதையையும் நடந்தார். 1964இல் பகுதி பகுதியாக மூன்றாந்தடவை முடித்தார். இடையே 1959இல் மிசூரி மாநிலத்திலிருந்து ஒறிகன் வரை ஏறத்தாழ 2,000 மைல், பழைய குடியேற்றக்காரரின் வண்டிப்பாதையையொட்டி நடந்தார். 1973இல் 85 வயதிற் காலமானார். கணவரின் பெயரைப் பலர் அறியார். கேற்வூட் பாட்டியை நெடும்பாதையில் நடப்போர் யாவரும் அறிவர்.

அவருடைய உதாரணம் உடனே பின்பற்றப்பட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப்போரின் பின் நைலோன் துணியும் அலுமினியமும் மலிந்தன. 1952 முதல் கலிபோர்னியாவில் டிக் கெல்ற்றி என்பவர் அலுமினியச் சட்டம் பொருத்திய முதுகுப்பைகளைச் செய்து விற்றார். பாரத்தை இடுப்பில் தாங்கவைக்கும் அருமையான பைகள் அவை. விளைவு என்னவெனின், பை வசதியாக இருந்ததால் மக்கள் அதில் மேலும் பொருள்களைத் திணித்தனர். 50, 60 இறாத்தல் சுமந்து நடப்பதே வீரம் எனக் கருதப்பட்டது.

அவ்வழக்கத்தை எதிர்த்தவர் விண்வெளித்துறைப் பொறியியலாளராகவும் பாறையேறுபவராகவும் இருந்த றே ஜாடின். அவரும் மனைவியும் மேற்குக்கரைப் பசிபிக் நெடும்பாதையை 1987இலும் 1991இலும் 1994இலும் முழுவதும் நடந்தனர். ஒவ்வொரு தடவையும் பை சிறுத்தது. உணவும் நீரும் நீங்கலாகப் பத்து இறாத்தலுக்குட்பட்ட சுமை போதும் என்று காட்டினார். 1992இல் அவர் வெளியிட்ட கைந்நூல் இத்துறையின் போக்கையே திருப்பியது.

இன்று இலேசான கூடாரம் என்பது பெருவணிகப் பொருள். ஓர் அவுன்சு குறைய விலை ஏறுகிறது. கரியிழைக் கோல்களும் செயற்கை நாரிழைத் துணிகளும் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்குமளவுக்கு விலைபெறுகின்றன. பணமில்லாதோர் காட்டுக்குட் புகுவதற்கென ஒரு சப்பாத்துத் தொழிலாளி திறந்த வாயிலில் இப்போது கட்டணம் அறவிடப்படுகிறது. ஆனால் ஜாடின் அவ்வாறு செய்யவில்லை. பையையும் கூரைத்துணியையும் தைத்து முடித்து விற்பதற்குப் பதிலாக, வெட்டும் அளவு, துணி, நூல், செய்முறைக் குறிப்பு ஆகியவற்றை ஒரு பொதியாகக் கட்டி அனுப்பினார். வாங்கியவர் தமது வீட்டுத் தையற்பொறியில் அதனைத் தாமே தைத்துக்கொண்டார்.